ஐந்தாம் திருவிழாவில் நான் எண்ணிக்கொண்டிருந்த கதை

வாவி சூழ் ஊரில் வந்தமர் முதல்வா,
நாவினில் நின்றென் நாணமே உரைக்கக்
கூசா நெஞ்சம் கொடுத்தருள் புரிவாய்,
பேசும் பொழுதும் பேசாப் பொழுதும்
ஆசறு துணையாய் அமர்ந்திருப் போனே.

இன்று தை மாதத்துப் பூச நன்னாள். வளர்பிறை நிறைவெய்தும் வியாழக்கிழமை. காலையில் நீராடித் திருநீறணிந்து, விளக்கேற்றிய பின்னரே இதனை எழுத அமர்ந்தேன். தன் வெட்கத்தைத் தானே எழுதப் புகுபவனுக்கு நல்ல நாளொன்று கட்டாயம் வேண்டும். (வெட்கம் நேர்ந்ததும் நல்ல நாளொன்றில்தான். குற்றம் நாளில் இல்லை.)

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கொழும்பில் ஒரு மேனாட்டு இசைக்குழுவில் முப்பத்தொரு ஆண்டுகள் செல்லோ வாசித்தவன் நான். அந்த முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு நாளேனும் நான் தனியாக வாசித்ததில்லை. இவ்வுண்மை என் மனைவிக்குத் தெரியும். எல்லாம் அறிந்த இறைவனுக்குத் தெரியும். என் ஊரான பெரியகல்லாற்று மக்களுக்கு மட்டும் தெரியாதவாறு நான் பார்த்துக்கொண்டேன்.

செல்லோ என்பது வயலினின் குடும்பத்தில் பிறந்த பெரிய உருவம். தோளில் ஏறாது. கதிரையில் அமர்ந்து, இரு முழங்கால்களுக்கும் நடுவே அதனை நிறுத்தி, வில்லைக் குறுக்கே இழுத்து வாசிக்க வேண்டும். என் தந்தையார் கோயிலில் பதிகம் பாடுபவர். பண் முறை தவறாமல் பாடும் அவருடைய மகன் இந்தக் கருவியிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் கை. மட்டக்களப்பு நகரில் நான் படித்த பள்ளியில் இசை கற்பித்த வெளிநாட்டுப் பாதிரியார் ஒருவர், வரிசையில் நின்ற மாணவருள் கை நீளமானவனைத் தேடினார். என் கை என் அறிவைக் காட்டிலும் நீளமாக இருந்தது. அவ்வளவுதான்.

பின்னர் கொழும்பு சென்றேன். பகலில் பாடசாலையொன்றில் இசை கற்பித்தேன், மாலையில் இசைக்குழு. அதில் செல்லோ வாசிப்போர் ஆறு பேர். நான் ஆறாமவன். இருவருக்கு ஓர் இசைத்தாள் என்பது அங்கே வழக்கம். அவ்விருவருள் உட்புறம் இருப்பவனே பக்கம் புரட்ட வேண்டும். நான் உட்புறம் இருந்தேன். ஆகவே என் கலை வாழ்வின் தலையாய பணி, பிறர் வாசித்துக்கொண்டிருக்கையில் வில்லை நிறுத்திவிட்டுப் பக்கம் புரட்டுவது என்று சொன்னால் அது பொய்யாகாது. அதனை நான் குறைவறச் செய்தேன்.

இனி என் மனைவி சிவபாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கிரான் என்னும் ஊரைச் சேர்ந்தவள். எங்கள் மட்டக்களப்பு வழக்கில் வீடு பெண்ணுக்கு உரியது. மகள் பிறந்தால் தந்தையும் தமையன்மாரும் அவளுக்கென்று வீடு கட்டுவார்கள். மணமகன் அங்கே போய்க் குடியேறுவான். பாக்கியத்துக்கும் கிரானில் அவ்வாறு ஒரு வீடு எழுந்தது. சுவருக்கு வேண்டிய கல்லை அவளுடைய தமையன் தன் வண்டிலில் தானே ஏற்றி வந்தார். நானோ, திருமணம் முடிந்த பதினாறாம் நாள், இசைக்குழு காத்திருக்கிறது என்று சொல்லி அவளைக் கொழும்புக்கு அழைத்துப் போய்விட்டேன். (இசைக்குழு எனக்காகக் காத்திருக்கவில்லை. பக்கம் புரட்ட எவராவது போதும்.)

அந்தத் தமையன் கிரானில் பெரிய வயற்காரர். எல்லாரும் போடியார் என்றே அழைப்பார்கள். வட்டைக்கு விதானையும் அவரே. வட்டை என்றால் பலருடைய வயல்கள் சேர்ந்த பெருவெளி. அதில் யார் வயலுக்கு எப்போது தண்ணீர் பாய வேண்டும் என்று முறை வைத்து வாய்க்காலைக் காப்பவர் விதானை. நாங்கள் புறப்பட்ட அன்று அவர் என்னிடம் ஒன்று கேட்டார். "பதிகம் பாடுறதெண்டா இஞ்சயே பாடலாம். அங்க என்னத்தப் படிச்சிட்டு இவ்வளவு அவதி?" என்றார். அவர் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டார். அதன் பின் தங்கையோடு ஒரு சொல் பேசவில்லை. போரினால் பாதைகள் திறந்தும் மூடியும் இருந்த அந்த நெடிய ஆண்டுகள், கோபத்தை இன்னும் நீட்டிக்கொள்ள அவருக்கு வசதியாயின.

முப்பத்தெட்டு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. அவை முடியச் சில ஆண்டுகள் இருக்கையில் நான் ஓய்வு பெற, பெரியகல்லாற்றுக்கு வந்து, என் தங்கையின் வீட்டு வளவில் இரண்டு அறை கட்டிக் குடியேறினோம். தன் வீடு பூட்டிக் கிடக்க, மச்சாளின் வளவில் ஒருத்தி அடுப்பு மூட்டுவதென்றால் அது என்ன என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாக்கியம் ஒரு நாளும் குறை சொன்னவள் அல்லள். மாலையில் விளக்கேற்றும்போது மட்டும் ஒரு கணம் வடக்கே பார்ப்பாள். கிரான் வடக்கில் இருக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் பிள்ளையார் கோயிலில் கொடியேற்றத்துக்கு ஆறு நாள் இருக்கையில், வண்ணக்கர் என்னைத் தேடி வந்தார். கோயிலின் பொறுப்பை ஏற்று நடத்துபவரை நாங்கள் வண்ணக்கர் என்போம். இங்கே திருவிழா நாள்கள் குடிகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கும். ஐந்தாம் நாள் எங்கள் தாய்வழிக் குடிக்கு உரியது. அன்று மாலைப் பூசைக்குப் பின் நான் அரைமணி நேரம் கச்சேரி செய்ய வேண்டும் என்றார். நான் அடக்கமாக மறுத்தேன். அடக்கத்தில் உண்மை இருந்தது. அவர் எழுந்து போகும்போது வாசலில் நின்று, கிரான் போடியார் கண் சத்திர சிகிச்சைக்கு வைத்த நேர்த்திக்கடனை அந்த ஐந்தாம் நாளில்தான் நிறைவேற்ற வருகிறார் என்று சொல்லி வைத்தார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் உடனே சம்மதித்தேன்.

அன்று பகல் பாக்கியம் சோறு போட்டுக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "அண்ணன் வருவார். உங்களைப் பாத்திட்டு என்னோட ஒரு சொல்லு கதைச்சாலும் எனக்குப் போதும். நல்ல பதிகமா ஒண்ட வாசிங்க. மாமா பாடுறது உங்களுக்குத் தெரியாததா?"

அறிவுடையவன் அத்துடன் எழுந்து பதிகத்தைப் பழகியிருப்பான். நான் அறுபத்தாறு வயதிலும் அந்தப் பழைய கேள்வியையே நெஞ்சில் சுமந்திருந்தேன். அங்கே போய் என்ன படித்தாய் என்று கேட்டவருக்கு, அங்கே படித்ததையே காட்ட வேண்டும் என்று தீர்மானித்தேன். மேனாட்டுப் பேரிசைக் கோவை ஒன்றின் இரண்டாம் பகுதி எனக்குத் தலைகீழ்ப் பாடம். கொழும்பில் எத்தனையோ முறை வாசித்தது. அதனைப் பத்து நாளும் வீட்டில் ஒழுங்காகப் பழகினேன்.

இங்கேதான் என் பேதைமையை விளக்க வேண்டும். இசைக்குழுவில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கு மட்டுமே தாளில் எழுதியிருக்கும். மற்றவர்கள் வாசிக்கும் இடங்களில் நாம் ஓய்ந்திருக்க வேண்டும். எத்தனை தாளக் கட்டம் ஓய்வு என்று எண் போட்டிருக்கும்; அதை மனத்தில் எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு. மூன்று, இரண்டு, மூன்று, நான்கு. இவ்வாறு இருபத்துநான்கு வரை எண்ணிவிட்டு, இருபத்தைந்தில் வில்லை வைக்க வேண்டும். நான் அந்தப் பத்து நாளும் பழகும்போது குழலும் வயலினும் கொம்பும் என் தலைக்குள் ஒலித்துக்கொண்டே இருந்தன. அறுபது பேர் எனக்குள் வாசித்தார்கள். அவர்களை நான் மட்டுமே கேட்கிறேன் என்பது, ஒரு மாணிக்கவாசகரின் பத்தியோடு பழகிய எனக்கு, ஒரு முறைகூடத் தோன்றவில்லை. பாக்கியத்துக்கும் தோன்றவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளாக அந்த ஓய்வுகளுக்கு இடையில் கறி தாளித்துப் பழகியவள் அவள்.

ஐந்தாம் நாள் வந்தது. கைப்பிடி உள்ள கதிரையில் அமர்ந்தால் வில் இடிக்கும்; கோயிலில் இருந்தவையோ அனைத்தும் கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் கதிரைகள். ஆகவே தோரணம் கட்ட ஏறும் முக்காலியைக் கழுவி வெளி மண்டபத்தில் வைத்தார்கள். கருவியின் அடியில் உள்ள இரும்பு முனை மெருகிட்ட தரையில் வழுக்கிற்று. அதற்கு ஒரு கயிற்றுத் துண்டை முக்காலியின் காலில் கட்டி முட்டுக் கொடுத்தேன். ஒலிபெருக்கி களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்திருந்தது. மாலைப் பூசை முடிந்து தீபம் காட்டியானதும் மக்கள் மண்டபம் நிறைய அமர்ந்தார்கள். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் பாக்கியம். எதிர்த் தூணருகே, கண்ணில் கறுப்புக் கண்ணாடியும் தோளில் சால்வையுமாகப் போடியார், கைகட்டி நின்றார். அமரச் சொன்னார்கள், அவர் அமரவில்லை. தங்கை இருந்த பக்கம் அவர் முகம் திரும்பவில்லை.

நான் மூலவரை வணங்கி அமர்ந்தேன். வில்லை எடுத்தேன். என் தலைக்குள் குழல்கள் தொடங்கின. எனக்கு இருபத்துநான்கு கட்டம் ஓய்வு. கண்களை மூடி எண்ணத் தொடங்கினேன்.

மண்டபம் முழுவதும் அமைதி. முதலில் அது மதிப்பான அமைதியாகவே இருந்தது. "தியானம் பண்ணுறார்" என்று யாரோ சொல்ல, முன்வரிசையில் சிலர் கைகூப்பியதை இமையிடுக்கால் கண்டேன். எண்ணும்போது என் உதடு அசையும். ஆகவே நான் ஐந்தெழுத்து ஓதுகிறேன் என்று முடிவாயிற்று. கூப்பிய கைகள் பெருகின. பதினெட்டாம் கட்டத்தில் வண்ணக்கர் ஒலிபெருக்கிக்காரருக்குச் சைகை காட்ட, அவர் விரைந்து வந்து என் முகத்தருகே இருந்த ஒலிவாங்கியை விரலால் தட்டினார். டொக், டொக், டொக். மூன்று தட்டும் என் தாளத்துக்கு வெளியே விழுந்தன. எண்ணிக்கை அறுந்தது.

எண்ணிக்கையை இழந்த செல்லோக்காரனுக்கு ஒரே வழிதான் உண்டு. நான் முதலிலிருந்து தொடங்கினேன்.

இப்போது அமைதியின் நிறம் மாறிவிட்டது. கூப்பிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் அருகில் இருந்தவளிடம், "அந்த ஐயாவுக்கு என்னவோ செய்யுது கா. உதடு மட்டும் ஆடுது, சத்தம் வரல்ல. மறுகா விழுந்து கிழுந்திருவார், தண்ணியக் குடுங்க" என்றார். தண்ணீர்ச் செம்பு வந்தது. நான் இருபதாம் கட்டத்தில் இருந்தேன். தலையை ஆட்டி மறுத்தேன். தலையாட்டியதையும் நோயின் அறிகுறியாகக் கொண்டார்கள். செம்பு உதட்டருகே வந்துவிட்டது. ஒரு மிடறு விழுங்கி, இருபத்துநான்கை முடித்து, வில்லை வைத்து மூன்று சுரங்கள் வாசித்தேன். ஆழ்ந்த, நிறைவான மூன்று சுரங்கள். மண்டபம் பெருமூச்சு விட்டது.

அடுத்து எனக்குப் பதினாறு கட்டம் ஓய்வு.

"சுருதி கூட்டினவர். இனித்தான் தொடங்குவார்" என்று வண்ணக்கர் பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னார். நான் தொடங்கவில்லை. மேளகாரர் நல்ல மனிதர். கோயில் காரியத்தில் ஏதேனும் தடை தெரிந்தால் கெட்டிமேளம் கொட்டி அதனை மூடிவிடுவது அவர்கள் தொழில். அவர் தவிலை மடியில் இழுத்து, நாதசுரக்காரரைப் பார்த்துத் தலையசைத்துக் கொட்டத் தொடங்கினார். நான் இடது கையை உயர்த்தி, கண்டிப்பாக, நிறுத்துங்கள் என்று காட்டினேன். அவர் நிறுத்தினார். அதன் பின் வந்த அமைதியில் மண்டபத்துக் கடிகாரம் ஓடுவது எனக்குக் கேட்டது. வாழ்நாளில் நான் செய்த ஒரே இசை நெறியாள்கை அதுதான்.

பின்னர் ஒரே சுரத்தைப் பன்னிரண்டு கட்டம் நீட்டி இழுக்கும் இடம் வந்தது. இசைக்குழுவில் அதன் மேல் வயலின்கள் வானளாவப் பறக்கும். இங்கே அது மட்டும் தனியே நின்றது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட பசுவொன்று வெளிவீதியில் கட்டியிருந்தது. அது நெடுநேரம் கேட்டுவிட்டு மறுமொழி சொன்னது. அப்போதுதான் மக்கள் எழத் தொடங்கினார்கள். சிலர் பிரசாதத்துக்கு, சிலர் கடலை வாங்க. எழுந்தவர்கள் ஓசைப்படாமல் எழுந்தார்கள். அது அவர்களுடைய பண்பு. அந்தப் பண்புதான் என்னை அதிகமாக வதைத்தது.

அந்தப் பசுவின் குரலில்தான் எனக்கு அறிவு வந்தது. என் தலைக்குள் இருந்த அறுபது பேரும் ஒரே கணத்தில் எழுந்து போய்விட்டார்கள். நான், ஒரு முக்காலி, ஒரு கயிற்றுத் துண்டு. இவ்வளவு நேரமும் இவர்கள் கேட்டது என்ன என்று விளங்கிற்று. கண்ணைத் திறந்து பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தாள். அழுகையா சிரிப்பா என்று அங்கிருந்து தெரியவில்லை. போடியாரைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த இடத்தில் நிறுத்தி எழுந்திருக்கலாம். ஏதேனும் பதிகத்துக்கு மாறியிருக்கலாம். பின்னாளில் எத்தனையோ பேர் என்னிடம் அதைக் கேட்டுவிட்டார்கள். உண்மை இதுதான்: முப்பத்தொரு ஆண்டுப் பழக்கத்தில், வாசிப்பின் நடுவே எழுந்து போக என் உடலுக்குத் தெரியவில்லை. மிச்சம் நாற்பது கட்டம் ஓய்வு, அதன் பின் விரலால் சுண்டும் இரண்டு சுரங்கள், அத்துடன் முடிவு. நான் எண்ணினேன். இம்முறை தலைக்குள் எவரும் வாசிக்கவில்லை. வெறும் எண்கள். நாற்பது முடிந்ததும் இரண்டு சுரங்களைச் சுண்டிவிட்டு வில்லைத் தாழ்த்தினேன். பதினைந்து நிமிடக் கச்சேரியில் நான் வாசித்தது நான்கு நிமிடம் இருக்கும்.

மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் மிஞ்சியிருந்தார்கள். தூணருகே இருந்து காலடிச் சத்தம் நெருங்கி வந்தது.

போடியார் முன்னால் வந்து நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "முடிஞ்சா, மச்சான்?" என்றார். முப்பத்தெட்டு ஆண்டுகளின் பின் என்னிடம் அவர் பேசிய முதற்சொல் அது.

"முடிஞ்சி மச்சான்."

"இடையில இடையில சும்மா இரிந்தீங்களே. மறந்து பொயித்தா?"

"மறக்கல்ல. அது மற்ற ஆக்கள் வாசிக்கிற நேரம். நான் எண்ணிக்கொண்டு இரிந்தன்."

அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "மற்ற ஆக்கள் எங்க?"

"கொழும்பில."

வண்ணக்கர் தலையைக் குனிந்துகொண்டார். போடியார் சிரிக்கவில்லை. தாடையைத் தடவினார். பிறகு, என்னிடம் என்று சொல்ல முடியாமல், வண்ணக்கரிடம் என்றும் சொல்ல முடியாமல், மண்டபத்துக்குப் பொதுவாகச் சொன்னார்:

"நான் நாப்பது வருசமா வட்டையில நிக்கிறன். முறை வருமட்டும் பொறுத்திரிக்கிற ஒரு மனிசன இன்னும் காணல்ல. விதானை அங்கால கிறுகினா இஞ்சால வாய்க்கால வெட்டிருவானுகள். என்ட மகனும் வெட்டினவன்தான். இந்த மனிசன் எண்டா, பக்கத்து வயல்ல ஆளும் இல்ல, தண்ணியும் இல்ல, பாக்க விதானையும் இல்ல. ஊரே எழும்பிப் போகுது. அப்பவும் தன்ட முறைக்குத்தான் கைய வச்சார்."

இவ்வாறு சொல்லிவிட்டு அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். பாக்கியம் எழுந்து நின்றாள். இருவரும் நரைத்துப் போயிருந்தார்கள். ஒருவரையொருவர் அடையாளம் காண்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள்.

"பாக்கியம்," என்றார் போடியார். "வீட்டுத் திறப்பு என்னட்டத்தான் இரிக்கு. எப்ப வாறாய் புள்ள?"

அவள் உடனே மறுமொழி சொல்லவில்லை. பழக்க தோஷத்தால் நான் எண்ணினேன். ஆறு கட்டம்.

"இதக் கேக்க உங்களுக்கு இவ்வளவு நாளா, அண்ணன்? நாளைக்கு வாறன்" என்றாள்.

அப்போது அவள் சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்திருந்தாள். அழுகையும் சிரிப்பும் இரண்டும் இருந்தன.

மறுநாள் கிரானுக்குப் போனோம். போடியார் அந்த வீட்டின் கூரையை ஆண்டுதோறும் மாரிக்கு முன் பார்த்து ஓடு மாற்றி வந்திருக்கிறார், எவரிடமும் சொல்லவில்லை. பாக்கியம் உள்ளே போய் அன்று மாலை விளக்கேற்றினாள். நான் வாசலில் நின்றேன். அழைக்கும் வரை உள்ளே போகக் கூடாது என்று தோன்றிற்று. அவள் அழைத்தாள். திருமணத்தின் பதினேழாம் நாளும் அவள் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டியவன், முப்பத்தெட்டு ஆண்டு பிந்தி உள்ளே போனேன்.

என் கச்சேரியின் புகழ் இரு ஊர்களிலும் குறையாமல் நிலைத்திருக்கிறது. பெரியகல்லாற்றில் ஐந்தாம் திருவிழா அறிவித்தலில் ஆண்டுதோறும் என் பெயரின் கீழ், "இடைவிடாத இசை" என்று வண்ணக்கர் அச்சிடுவிக்கிறார். நான் பதிகம் வாசிக்கிறேன். மக்கள் மனமுவந்து கேட்கிறார்கள். அந்த அம்மா மட்டும் இன்றளவும் தண்ணீர்ச் செம்போடுதான் வந்து அமர்கிறார். கிரான் வீட்டிலோ, எவரேனும் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லத் தாமதித்தால், பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை சொல்வது ஒன்றே: "விடுங்க, எண்ணுறார்." சென்ற கார்த்திகையில் பெண் பார்க்க வந்த இடத்தில், போடியாரின் பேத்தியிடம் மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்க, அவள் பேசாமல் நின்றாள். உள்வீட்டிலிருந்து யாரோ அதே சொல்லைச் சொல்ல, வந்தவர்கள் திகைக்க, மச்சான் அவர்களை அமரவைத்து என் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். பசுவின் இடம் வருவதற்குள் மாப்பிள்ளை சிரித்துவிட்டான். பேத்தி, பிடித்திருக்கிறது என்றாள்.

மச்சானுக்கு என் பதிக வாசிப்பில் அவ்வளவு நிறைவு இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "நல்லாத்தான் இரிக்கு" என்பார். "ஆனா அண்டைக்கு வாசிச்சதில ஒரு ஒழுங்கு இரிந்தது."

இதனைப் படிப்போரும் படிக்கக் கேட்போரும் நீடு நலம் பெறுக. உங்கள் வயலுக்குத் தண்ணீர் தவறாது வருக. உங்கள் வீட்டில் மாலை விளக்கு அணையாதிருக்க. உடன்பிறந்தாரோடு பேச்சற்றுப் போனவர் எவரேனும் உங்களில் இருந்தால், முப்பத்தெட்டு ஆண்டுகள் எண்ணாமல், இன்றே பேசும் நாவினை இறைவன் அருளுக.